தர்பூசணி என்று நினைத்து வாங்கிய படம்

அன்று பிற்பகல் அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, கோலாலம்பூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிய என் அக்கா, பாகான் செராயிலிருந்து வந்த கல்யாணப் பெண், அவளுடைய அம்மா, அவளுடைய அத்தை. வேறு ஒருவரும் இல்லை. நாலு மணிக்கு ஒரு வேன் நிறைய அவர்களுடைய சொந்தக்காரர்கள் வருவதாக இருந்தது. ஆனால் நடந்ததெல்லாம் வேன் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. பிறகு பலபேர் தாங்களும் கண்ணால் கண்டதுபோலப் பேசிக்கொண்டு திரிந்தார்கள். அதனால்தான் ஆளை எண்ணிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

வீடு ஈப்போவில், புந்தோங்கில் இருக்கிறது. வரிசை வீடு, மாடி கிடையாது. ரப்பர் தோட்டத்தை மூடி எங்களை வெளியே அனுப்பியபோது அம்மா அடம்பிடித்து வாங்கிய வீடு. வங்கிக் கடனை அடைத்தது அக்காதான், அதனால் பத்திரம் அவள் பெயரில். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை தூக்கி, முதுகு போய், வேலையும் போய், மனைவியோடு அந்த வீட்டின் பின்பக்கத்து அறையில் இருந்துவந்தேன். அம்மா போன பிறகு அக்கா வீட்டை விற்கப்போவதாகச் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. வாடகைக்குப் போக என்னிடம் என்ன இருக்கிறது? யோசித்து யோசித்து, முன்பக்கத்தை வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் ஹோம்ஸ்டேயாக விடலாம் என்று கெஞ்சினேன். ஈப்போவில் வார இறுதி என்றால் சாப்பிட ஒரு கூட்டம், கல்யாணத்துக்கு ஒரு கூட்டம் வருகிறதே.

“ஆறு மாசம் பாரு. சரிவரலன்னா வித்துருவேன். அப்புறம் அழக்கூடாது” என்றாள்.

அவள் சொன்ன ஆறு மாதம் முடிகிற வாரத்தில்தான் இந்தக் கல்யாணக்காரர்கள் வந்தார்கள். அக்கா கணக்குப் பார்க்க வந்திருந்தாள்.

ஆறு மாதம் கொடுத்தபோதே இன்னொன்றையும் சொல்லியிருந்தாள். “ஹால்ல இருக்கிற சாமி படத்தையெல்லாம் எடுத்துரு. எல்லா இனத்து ஆளும் வருவாங்க. இப்போல்லாம் பழம், பூ வரைஞ்ச படம்தான் மாட்டுறாங்க. அழகா இருக்கும்.” கூடவே யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தின் படத்தையும் கைப்பேசியில் அனுப்பினாள். சாம்பல் நிறச் சுவர், நடுவில் ஒரு பழக்கூடை ஓவியம், கீழே ஒரு நாற்காலி. யாரும் உட்கார்ந்தே பார்த்திராத நாற்காலி மாதிரி இருந்தது.

என் மனைவி சாமி படங்களை இறக்கி அம்மாவின் சேலையில் சுற்றி வைத்தாள். அவற்றுக்குக் கீழே இருந்த மரப் பலகையை நான் கழற்றினேன். சுவரும் சேர்ந்து வந்துவிட்டது. ஒரு தாம்பாளம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. சிமெண்டு வைத்துப் பூசினேன், ஈரச் சுவர், இரண்டே நாளில் உதிர்ந்தது. மறுபடி பூசினேன், மறுபடி உதிர்ந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. ஓட்டை விழுந்த வீடு என்று தெரிந்தால் விற்கிற அவசரம் இன்னும் கூடிவிடும் என்று பயம். எனக்குப் பயப்படுவதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு விருந்தாளி உள்ளேயே மாட்டிக்கொள்வாரோ, ஏசி தீப்பிடிக்குமோ என்றெல்லாம் ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் வாசலிலேயே நிற்பேன். அந்த ஓட்டை வந்த பிறகு மற்ற பயமெல்லாம் சின்னதாகிவிட்டது.

ஆப்பிள் படம் ஒன்றும், பூச்சாடி படம் ஒன்றும் ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தேன். இரண்டும் சின்னது. ஓட்டையை மறைக்கப் பெரிய படம் வேண்டும். பழைய நகரத்தில் சட்டம் போடுகிற சீனர் கடை ஒன்று இருக்கிறது. கடை ஒரு நடைபாதை அகலம்தான். இரண்டு பக்கமும் கண்ணாடியும் மரச்சட்டமும் அடுக்கி, நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். கடை முதலாளியான தவுக்கே உள்ளேயிருந்து ஒரு பெரிய படத்தை இழுத்து வந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். துணியில் அச்சடித்தது, ஆனால் கையால் தீட்டியதுபோலவே சாயம் திட்டுத் திட்டாக இருந்தது. கிட்டத்தில் சிவப்பு, ரோஸ், வெள்ளை, கொஞ்சம் மஞ்சள். வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன் மேல் நல்ல சிவப்பாக ஒரு பெரிய துண்டு, ஓரத்தில் வெள்ளைப் பட்டை. பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகச் சின்ன உருண்டைகள்.

தர்பூசணி, மல்லிகை மொட்டு என்று என் கண் சொன்னது. வெயிலில் வந்தவனுக்கு அதைப் பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது.

“தூரமா நின்னு பாரு. கிட்ட பாக்கிற படம் இல்ல இது” என்றார் தவுக்கே, மலாயில்.

நான் பின்னால் ஒரு அடி வைத்தேன். முதுகில் கண்ணாடி இடித்தது. உடைந்தால் அதற்கும் காசு கேட்பாரே என்று உடனே முன்னால் வந்துவிட்டேன். “தூரமெல்லாம் வேணாம், இதே நல்லா இருக்கு” என்றேன். பாகான் செராய்க்காரர்கள் கட்டிய முன்பணம் அப்படியே கையில் இருந்தது. அதைக் கொடுத்தேன். மீதியை மாதாமாதம் தருவதாகப் பேசி, படத்தை ஒரு வாடகை வேனில் ஏற்றி வந்தேன்.

மாட்டிய பிறகாவது தூரத்திலிருந்து பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். வாசலில் நின்றும் பார்த்தேன். தர்பூசணிதான் தெரிந்தது. மனைவியிடமும் “தர்பூசணி படம் வாங்கியிருக்கேன்” என்று சொல்லித்தான் காட்டினேன். அவளும் பார்த்துவிட்டு “விதையே காணோமே” என்றாள், அவ்வளவுதான். சொல்லிவைத்துவிட்டால் கண் அதைத்தான் பார்க்கும் போலிருக்கிறது. என் கவலையெல்லாம் திருகாணி தாங்குமா என்பதில் இருந்தது. கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் சட்டத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அன்றைக்குப் பெண்ணும் அம்மாவும் முதலில் உள்ளே வந்து அறைக்குப் போனார்கள். அன்று மாலை வீட்டுக் கூடத்தில் நலங்கு, மறுநாள் கோயிலில் தாலி கட்டு. அக்கா பின்பக்கம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக அத்தை வந்தார். பெண்ணின் அப்பாவுக்கு அக்கா, நல்ல உயரம், இரண்டு கையிலும் மஞ்சளும் சந்தனமும் வைத்த தட்டு. வாசற்படியில் ஒரு கால் வைத்தவர், மறு காலை வைக்கவில்லை.

“அது என்ன தம்பி?”

“எதும்மா?”

“எதிர்ல தொங்குதே.”

“தர்பூசணிம்மா. பக்கத்துல மல்லிகை மொட்டு.”

அவர் சிரிக்கவில்லை. தட்டை என் கையில் கொடுத்தார்.

“தம்பி, நான் பாகான் செராய் பாசார்ல கோழிக் கடை வெச்சிருக்கேன். எதிர்க் கடை மாட்டிறைச்சிக் கடை. விடிஞ்சா என் மூஞ்சிக்கு நேரா தொடை தொடையா தொங்குது. என்கிட்டயே தர்பூசணியா?”

நான் திரும்பி, அவர் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். எப்படிச் சொல்வது? தர்பூசணி போய்விட்டது. வெள்ளைப் பட்டை கொழுப்பாகிவிட்டது. நடுவில் நான் நிழல் என்று நினைத்திருந்தது எலும்பு. மேசை விரிப்பு இறைச்சிக்கடைத் துணி. அதற்கு மேல் எத்தனை தடவை கண்ணைக் கசக்கினாலும் பழம் திரும்பி வரவேயில்லை.

“என்னங்க” என்றாள் என் மனைவி பின்னாலிருந்து, மெல்ல. “அந்த மொட்டு பூண்டுங்க. தினமும் உரிக்கிறேன், எனக்கே தெரியல பாருங்க.”

தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தேன். சந்தனக் கிண்ணம் கிணுகிணுவென்று சத்தம் போட, அதைக் கேட்டுப் பெண்ணும் அம்மாவும் அறையிலிருந்து வந்தார்கள். பின்னால் தேநீர்க் குவளையோடு என் அக்காவும் வந்தாள்.

அத்தை யாரைத் திட்டுவது என்று தேடி, பெண்ணின் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். “வீடு பாத்தது நீதானே? ஒரு மாசமா விரதம் இருக்கிற பொண்ணு. இதுக்குக் கீழ உட்கார வெச்சுத்தான் நலங்கு வெக்கப் போறியா? தலைக்கு மேல மாட்டுத் தொடை, கீழ மஞ்சத் தண்ணியா?”

“அண்ணி, மெதுவா பேசுங்க…”

“ஆடா கூட இருக்கலாம்மா” என்றேன் நான். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

“ஆடா இருந்தா நலங்கு வெக்கலாமா?” என்றார் அத்தை. “காசைத் திருப்பிக் குடுங்க தம்பி. ஹோட்டல்ல ரூம் போட்டுக்கறோம்.”

அந்தக் காசுதான் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். அவள் பார்வை எனக்குத் தெரியும், சின்ன வயதில் கணக்குப் பாடத்தில் நான் தோற்று வரும்போது பார்க்கிற பார்வை. வீடு விற்றாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மனைவியின் துணிமணியை எந்தப் பையில் வைப்பது என்பதுவரை மனசு போய்விட்டது.

“துணி போட்டு மூடிறலாம்மா” என்றேன்.

“மூடினா உள்ள இருக்கிறது போயிருமா?”

அப்போதுதான் பெண் பேசினாள். அதுவரை கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். “அத்தை, இது இம்ப்ரெஷனிஸ்ட் படம் லா. ரொம்பப் பழைய காலத்து வெள்ளக்காரன் வரைஞ்சது. அவனுங்க இப்படித்தான் வரைவானுங்க. கிட்ட வந்து பாருங்க, ஒண்ணுமே இல்ல. வெறும் சாயம்.”

“வரைஞ்சவன் விரதம் இருந்தானா?”

“வாங்களேன்.”

அத்தை படியேறி உள்ளே வந்தார். இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மூக்கு படத்தில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “ஆமா லா. கிட்ட ஒண்ணும் தெரியலதான். சுண்ணாம்பும் செம்மண்ணும் அப்பின மாதிரி இருக்கு.” எனக்கு உயிர் வந்தது. பிறகு அவர் படத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார். ஒரு அடி, இன்னொரு அடி. சோபா காலில் இடித்ததும் நின்றார்.

“இங்க வந்தா மாடு வந்துருது.”

“அப்போ நம்ம ஆளுங்க எல்லாத்தையும் செவுத்தோட ஒட்டி நிக்கச் சொல்லிருவோம்” என்றாள் பெண். பெண்ணின் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணிக்குப் பயந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை.

பெண்ணின் அம்மாவுக்கு அழைப்பு வந்தது. பேசி முடித்தவர் முகம் மாறிவிட்டது. “அண்ணி, வேன் சுரங்கத்தைத் தாண்டிருச்சாம்.” மெனோரா சுரங்கத்தைத் தாண்டினால் ஜெலாப்பாங், ஜெலாப்பாங் இறங்கினால் புந்தோங். இனி நேரம் கிடையாது.

“கழட்டுடா” என்றாள் அக்கா.

“அக்கா, அது வந்து…”

“படம்தானே? கழட்டு.”

கழற்றினால் என்ன தெரியும் என்பது அங்கே இருந்த ஆறு பேரில் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். கை வியர்த்து சட்டம் வழுக்கியது. கீழே விழுந்து உடைந்தால்கூட நல்லது, நாலு பேர் கவனம் அதில் போகும் என்று ஒரு நொடி தோன்றியது. விழவில்லை. கழன்று வந்தது.

படத்துக்குப் பின்னால் செங்கல். உதிர்ந்த சிமெண்டுத் தூள். செங்கல்லுக்கு மேலே சுவரில் அம்மா ஏற்றிய விளக்கின் புகை கறுப்பாக நாக்கு நாக்காக ஏறியிருந்தது. ஓரத்தில் விபூதிக் கை துடைத்த தடம், குங்குமக் கறை. எத்தனை தடவை சாயம் பூசியும் அந்தக் கறை மேலே வந்துவிடும். நான் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் அக்காவுக்கு நேராக நிற்க வேண்டும்.

“இது சாமி இருந்த இடமா?” என்றார் அத்தை. குரல் இறங்கிவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

“ஆமாம்மா.”

“சாமியை எறக்கிட்டு, அந்த இடத்துல இதைத் தொங்க விட்டியா தம்பி? நீ நம்ம ஆளுதானே?”

நான்தான், என் புத்திதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்காவைக் காட்டிக்கொடுத்தால் வீடு போய்விடும். சொல்லாவிட்டால் இந்த அம்மா போய்விடுவார், அப்போதும் வீடு போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான்.

“அவனைச் சொல்லாதீங்க” என்றாள் அக்கா. குவளையைக் கீழே வைத்தாள். “நான்தான் எறக்கச் சொன்னேன். வேற வேற ஆளுங்க வந்து தங்கணும்னு.” கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்க்காமலே, “ஓட்டை இருக்குன்னு மட்டும் இவன் என்கிட்ட சொல்லல” என்றாள்.

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவரும் ஒரு அக்கா அல்லவா. தம்பி செய்த கோணல்களை மூடி மூடிப் பழகியவர் போலத்தான் பார்த்தார். “சரி. சாமி இப்ப எங்க இருக்கு?”

என் மனைவிதான் சொன்னாள். “எங்க கட்டிலுக்குக் கீழ.”

“கட்டிலுக்குக் கீழயா!”

“எங்க மாமியார் சேலையில சுத்தித்தாம்மா வெச்சிருக்கேன். கால்மாட்டுல இல்ல, தலைமாட்டுப் பக்கம்.”

அத்தை இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். அதோடு போய்விடுவார் என்று நான் நினைத்தேன். அவர் போனது குழாயடிக்கு. முகம், கை, கால் கழுவி, ஈரத்தோடு திரும்பி வந்து, “நீ போய் எடுத்துட்டு வாம்மா. நீ தொடாத தம்பி, நீ அந்தத் தொடையைத் தூக்கிப் பின்னால வை” என்றார். மஞ்சள் நீர் தெளித்தார்கள். அம்மாவின் முருகன் படமும் மாரியம்மன் படமும் சேலையிலிருந்து வெளியே வந்தன. பெரிய படத்துக்காக நான் முடுக்கிய அதே திருகாணியில் மாரியம்மன் ஏறினாள். ஓட்டையின் மேல்பாதிதான் மறைந்தது. கீழ்ப்பாதியில் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தது. “இருக்கட்டும், செங்கல்லுக்கு என்ன தீட்டு” என்றார் அத்தை. பெண்ணின் அம்மா ஒரு முழம் மல்லிகையை எடுத்துப் படத்துக்குச் சாத்தினார். என் கண் அந்த மொட்டுகளைப் பார்க்கத் துணியவில்லை.

வேன் வந்து நின்றபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நலங்கு நடந்தது. பெண் நாற்காலியில் உட்கார, தலைக்கு மேலே அம்மன், அம்மனுக்குக் கீழே செங்கல். எடுத்த எல்லாப் புகைப்படத்திலும் அந்தச் செங்கல் விழுந்திருக்கும். மஞ்சள் பூச வந்த ஒவ்வொருத்தியும் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் என்ன கேட்பாளோ என்று காத்து நின்றேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு அக்கா சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். விற்கப்போகிறேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தாள் என்று இன்னமும் நம்புகிறேன். கூடத்திலிருந்து அத்தையின் குரல் கேட்டது. வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார், தன் வீடு மாதிரி. “நம்ம ஆளுங்க வீடு. சாமி எல்லாம் இருக்கு. அடுத்த வருசம் பையன் கல்யாணத்துக்கும் இங்கயே போட்டுறலாம்.” அக்கா கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“சாமி அங்கயே இருக்கட்டும்” என்றாள் கடைசியில். “கல்யாணக்காரங்களுக்கே விடு. ஓட்டையை அடைக்க ஆள் பிடி, அந்தக் காசை நான் தாரேன். தைப்பூசம் வரைக்கும் பாப்போம்.”

“அந்தப் படத்துக்கு…”

“தர்பூசணி வாங்கினவன் நீ. காசையும் நீயே குடு.”

படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தவுக்கே வாங்கவில்லை. “தூரமா நின்னு பாருன்னு சொன்னேனா இல்லையா?” என்று கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். படத்தைத் தூக்கிக்கொண்டு கடை இடுக்கில் ஒருக்களித்தே வெளியே வந்தேன். தைப்பூசத்துக்குப் பிறகு அக்கா என்ன சொல்வாளோ என்பதுதான் அப்போதும் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது படம் எங்கள் பின்னறையில் இருக்கிறது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்கால் அளவு இடம்தான். அங்கே எந்த மூலையில் நின்றாலும் தூரம் என்று ஒன்று கிடையாது. சிவப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாகத் தெரிகிறது, வெயில் சாய்ந்து விழும்போது பார்க்க நன்றாகக்கூட இருக்கிறது. கதவுக்கு வெளியே நின்று மட்டும் நான் உள்ளே பார்ப்பதில்லை. என் மனைவிக்குக் கிட்டத்திலும் பூண்டு தெரிகிறதாம். வெள்ளிக்கிழமைகளில் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறாள். மாதாமாதம் கொடுத்தது போக, தவுக்கேவுக்கு இன்னும் இருநூற்றுப் பத்து ரிங்கிட் பாக்கி.